செயற்கை நுண்ணறிவுச் செயலியின் விளம்பரத்தை எடைபோடுவது எப்படி?

நெல் இலையைப் படமெடுத்தால் நோயைச் சொல்லிவிடும் என்று ஒரு செயலியைத் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் யாரேனும் கொண்டுவந்தால், அது எந்த வட்டார வயல்களின் படங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது என்று முதலில் கேளுங்கள். 'துல்லியம் 95 விழுக்காடு' என்பதை அப்படியே ஏற்க வேண்டாம். சோதித்த 100 இலைகளில் 95 நலமானவை என்றால், எல்லாவற்றையும் 'நோயில்லை' என்று சொல்லும் செயலிக்கும் அதே 95 கிடைத்துவிடும். நோயுற்ற இலைகளில் எத்தனையைக் கண்டுபிடித்தது, நலமானவற்றில் எத்தனையை நோய் என்றது எனத் தனித்தனியே கேட்பதே சரி.

பிறகு உங்கள் சம்பா வயலிலேயே சோதியுங்கள். குலைநோய்ப் புள்ளி விழுந்த இலை, துத்தநாகக் குறைபாட்டால் பழுப்பேறிய இலை, வரப்போரக் கோரை ஆகியவற்றை வெயிலிலும் மேகமூட்டத்திலும் படமெடுத்து, செயலியின் விடைகளை வேளாண்மை அலுவலரின் கருத்தோடு ஒப்பிடுங்கள். கோரைக்கும் நெல் நோய் சொல்லும் செயலியை நம்பி மருந்தடிக்கக் கூடாது.

மனிதர் செய்யும் எந்த வேலையையும் இயந்திரங்கள் 20 ஆண்டுகளில் செய்யும் என்று 1965-இல் செயற்கை நுண்ணறிவு முன்னோடியான அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் எழுதியது பலிக்கவில்லை. அதற்காக எல்லாமே வெற்றுப்பேச்சு என்று தள்ளுவதும் தவறு. 2016-இல் 'கோ' என்ற பலகை ஆட்டத்தில் தென்கொரியாவின் முன்னணி ஆட்டக்காரர் லீ செடோலை ஆல்பாகோ என்ற கணினி நிரல் 4-1 என வென்றது உண்மையான முன்னேற்றம். ஆனால் விதி மாறாத பலகை வேறு, ஆற்றில் வரும் தண்ணீரும் மழையும் ஆண்டுதோறும் மாறும் டெல்டா வயல் வேறு. எனவே எடுத்த படங்களைச் சேமித்து வைத்து, செயலி புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அவற்றையே மீண்டும் காட்டி, விடைகள் மாறுகின்றனவா என்று பாருங்கள்.