பெரிய மேட்சும் கட்டணமும்: புதியவர்கள் பணத்தைத் தொலைக்கும் இடங்கள்

போன ஞாயிறு எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பின் மேட்ச். டெக்சாஸ் வெயில், காலை ஒன்பது மணிக்கே கழுத்தைச் சுட்டது. எங்கள் ஸ்குவாடில், அதாவது சேர்ந்து சுடும் குழுவில், ஒரு மதுரைப் பையன். போன வருஷம்தான் கிரீன் கார்டு வந்தது, இது அவனுக்கு நாலாவது மேட்ச். அட்டை டார்கெட்டில் விழுந்த ஓட்டைகளை ஒட்டிக்கொண்டிருந்தபோது போனை என் முன்னால் நீட்டினான்.

"அண்ணா, லெவல் டூ மேட்ச்ல இடம் இருக்கு. இருநூறு டாலர். கட்டிடவா? இந்தச் சின்ன மேட்சுலயே சுத்திக்கிட்டிருந்தா எப்படி வளர்றது?"

எட்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கும் இதே எண்ணம்தான். யாரிடமும் கேட்காமல் பணத்தைக் கட்டினேன். அவனிடம் நின்றபடி சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

விரல் டிரிகருக்குள் போவது, துப்பாக்கி முனை 180 டிகிரியைத் தாண்டுவது, சேஃப் ஏரியாவில் தோட்டாவைத் தொடுவது போன்ற பாதுகாப்புத் தவறுகள் எல்லாம் புதியவர்களுக்கான முதல் வகுப்பிலேயே மண்டையில் ஏறிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## லெவலைத் தகுதிச் சான்றாக நினைப்பது

1976-ல் மிசௌரியின் கொலம்பியா நகரில் ஐ.பி.எஸ்.சி. என்ற சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பு தொடங்கியது. இந்த விளையாட்டின் கணக்கு எளிமையானது: எடுத்த புள்ளியை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்தால் ஹிட் ஃபேக்டர். அமெரிக்காவில் இந்த வகை மேட்சுகளை நடத்துவது யூ.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற சங்கம். லெவல் ஒன்று கிளப் மேட்ச், லெவல் இரண்டு மாநில அளவு, லெவல் மூன்று ஏரியா சாம்பியன்ஷிப். நாட்டை எட்டு ஏரியாவாகப் பிரித்திருக்கிறார்கள்.

லெவல் இரண்டில் இடம் காலியாக இருந்தால், உறுப்பினராக இருந்து பணம் கட்டுகிற யாரும் பெரும்பாலும் சுடலாம். அங்கேயும் இதே பழுப்பு அட்டைதான். ஏ பகுதியில் பட்டால் 5 புள்ளி, அட்டையில் படாத குண்டுக்கு 10 கழிவு. டி-யிலிருந்து கிராண்ட்மாஸ்டர் வரை போகும் திறமை வகுப்புகூடக் கட்டணத்தைப் பார்த்து வருவதில்லை. கிளாசிஃபையர் என்ற தனி ஸ்டேஜ்களில் (ஸ்டேஜ் என்றால் மேட்சின் ஒரு சுற்று) கடைசி எட்டில் சிறந்த ஆறின் சராசரிதான் உங்கள் வகுப்பு. அந்த ஸ்டேஜ்கள் பெரும்பாலும் 25 டாலர் கிளப் மேட்சில்தான் நடக்கின்றன.

லெவல் ஏறும்போது மாறுவது வேறு. ஸ்டேஜ்கள் பெரிதாகும், அசையும் டார்கெட்டுகள் கூடும். ஆர்.ஓ.க்கள், அதாவது சுடுவதைக் கண்காணிக்கும் ரேஞ்ச் ஆபீசர்கள், உங்களுக்கு முகம் தெரியாதவர்கள், சலுகை இருக்காது. கிளப்பில் அளக்காத ஒன்றை அங்கே அளப்பார்கள். என் பணம் போனது அந்த இடத்தில்தான்.

## தோட்டாவை அளக்காமல் கிளம்புவது

குண்டின் (தோட்டாவிலிருந்து பாய்ந்து போகும் முனையின்) எடையை கிரெயின் என்ற சின்ன அளவிலும் வேகத்தை விநாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் பவர் ஃபேக்டர். மைனர் என்ற குறைந்த பவர் பிரிவில் சுட அது 125-க்குக் குறையக் கூடாது. கிளப் மேட்சில் இதை யாரும் சோதிப்பதில்லை, நீங்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வார்கள். பெரிய மேட்சில் உங்கள் பையிலிருந்து எட்டுத் தோட்டாக்களை எடுத்துப் போவார்கள். ஒன்றைப் பிரித்துக் குண்டை நிறுப்பார்கள், மூன்றைச் சுட்டு வேகம் பார்ப்பார்கள்.

அப்போது நான் என் கராஜில் பிரெஸ் வைத்துச் சொந்தமாகத் தோட்டா செய்ய ஆரம்பித்திருந்தேன். ஒரு நண்பரின் அளவை அப்படியே எடுத்துக்கொண்டேன்: 147 கிரெயின் குண்டு, அவர் போடும் அதே வெடிமருந்து, அதே எடை. அவருக்குப் பவர் ஃபேக்டர் 130 வந்துகொண்டிருந்தது. அவர் துப்பாக்கியின் பேரல் ஐந்து அங்குலம், என்னுடையது நாலேகால். பேரல் குட்டையானால் வேகம் குறையும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அளக்கவில்லை. கிளப் மேட்சில் இரும்புத் தட்டுகள் விழுந்துகொண்டிருந்தன, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

பிப்ரவரி மாதம், நாலரை மணி நேர டிரைவ். முதல் நாள் நாலாவது நிறுத்தம் க்ரோனோ, அதாவது க்ரோனோகிராஃப் கருவியால் குண்டின் வேகத்தை அளக்கும் இடம். தகரக் கொட்டகைக்குள் ஒரு பெரியவர், மேஜையில் சின்னத் தராசு. புகைவிடுவது போல் மூச்சு வெளியே தெரிகிற குளிர். குண்டைப் பிடுங்கித் தராசில் வைத்தார்: 146.9. மூன்று சுட்டார்: 848, 844, 846. ஒன்றும் பேசாமல் இன்னும் மூன்று சுட்டார்: 839, 850, 847. ஆறில் சிறந்த மூன்றை எடுத்தும் எட்டவில்லை. மிச்சம் ஒரு தோட்டா. அதைச் சுடலாம், அல்லது பிரித்து நிறுக்கலாம், முடிவு என்னுடையது. நிறுக்கச் சொன்னேன். 147.1. கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார். 124.79. தசமம் கணக்கில் சேராது, ஆக 124.

விதி தெளிவானது: தொடர்ந்து சுடலாம், மதிப்பெண் கிடையாது. மறுநாள் ஆறு ஸ்டேஜ் அப்படித்தான் சுட்டேன். ஸ்குவாடில் எல்லோரும் அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

கணக்கைப் பாருங்கள். நுழைவுக் கட்டணம் 175 டாலர், இரண்டு இரவு ஹோட்டல் 240, பெட்ரோலும் சாப்பாடும் 110, தோட்டா 75. மொத்தம் 600. பத்து ஸ்டேஜிலும் சேர்த்து நான் உண்மையில் சுட்ட நேரம் 190 விநாடி. கிளப் மேட்ச் ஒன்றுக்குக் கட்டணமும் தோட்டாவும் சேர்த்து 65 டாலர் ஆகும். அதே காசில் ஒன்பது மேட்ச் சுட்டிருக்கலாம், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு ஸ்டேஜ்.

காசு போனதை மறந்துவிட்டேன். இன்றும் எரிச்சலாக இருப்பது ஒன்றுதான்: எங்கள் கிளப்பிலேயே மூன்று பேரிடம் க்ரோனோகிராஃப் இருந்தது. ஒரு மாலை கேட்டு வாங்கியிருந்தால் போதும். அதற்குப் பிறகும் வருஷத்துக்கு ஒருவராவது, முதல் பெரிய மேட்சில் இதே கொட்டகையிலிருந்து முகம் வாடி வெளியே வருவதைப் பார்க்கிறேன். உங்கள் தோட்டாவை உங்கள் துப்பாக்கியில், போட்டி நடக்கப்போகும் குளிரிலோ வெயிலிலோ அளங்கள். 125 வந்தால் போதும் என்று நிறுத்தாதீர்கள். 129, 130 இருக்கட்டும்.

## கட்டிய காசுக்காக வேகம் கூட்டுவது

இருநூறு டாலர் கட்டியவன் கையில் அந்த இருநூறு டாலரும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கிளப்பில் நிதானமாகச் சுடுபவர்கள் பெரிய மேட்சில் ஓட்டமாய் ஓடி டார்கெட்டை விட்டுவிடுகிறார்கள். ஒரு குண்டு தவறினால் கிடைக்க வேண்டிய 5 போய், மேலும் 10 கழியும். ஆக 15 புள்ளி. ஹிட் ஃபேக்டர் 6 ஓடுகிற ஸ்டேஜில் 15 புள்ளி என்றால் இரண்டரை விநாடி. சந்தேகமான இடத்தில் அங்கேயே நின்று இன்னொரு குண்டு போட அரை விநாடிகூட ஆகாது.

## சதவீதத்தை ஒப்பிடுவது

கிளப்பில் 85 சதவீதம் எடுத்தவர் ஏரியா மேட்சில் 55 எடுத்துவிட்டு இடிந்துபோகிறார். சதவீதம் அன்று முதலில் வந்தவரை வைத்து வருவது. அங்கே முதலில் வந்தவர் கிராண்ட்மாஸ்டர். அட்டையின் ஏ, சி, டி பகுதிகளில் பட்டவை, மிஸ் ஆனவை ஆகியவற்றின் எண்ணிக்கையை மட்டும் நோட்டில் எழுதி வையுங்கள்.

## டி.க்யூ. (தகுதி நீக்கம்) ஆனால்

கட்டணம் திரும்பாது.

## பெரிய மேட்சுக்கென்று புதுத் துப்பாக்கி

வேண்டாம்.

## விமானத்தில் போகிறவர்கள்

பல விமான நிறுவனங்களில் தோட்டாவுக்கு 11 பவுண்டு வரம்பு. 9 மி.மீ. என்றால் சுமார் 400. போதும், ஆனால் ஹோட்டல் அறையில் எண்ணிக்கொண்டிருக்காமல் வீட்டிலேயே எண்ணி எடுத்துச் செல்லுங்கள்.

## விசா

ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. வக்கீலிடம் கேட்டுத் தெளிவாகும்வரை நண்பரின் துப்பாக்கியைக்கூடக் கையில் வாங்காதீர்கள்.

## பணம் கட்டினால்தான் பெரிய மேட்ச் பார்க்க முடியும் என்று நினைப்பது

ஆர்.ஓ. பயிற்சி எடுங்கள். சான்றிதழ் கையில் இருந்தால் பெரிய மேட்சுகளில் பணியாளராகக் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் கட்டணம் இல்லாமல் ஒருநாள் முன்னதாகச் சுடக் கிடைக்கும், பல இடங்களில் அறையும் தருவார்கள். அதைவிட முக்கியமானது, ஒரே ஸ்டேஜில் நூறு பேர் சுடுவதை டைமரோடு பக்கத்தில் நின்று பார்ப்பது. எங்கே கால் வைக்கிறார்கள், எந்த டார்கெட்டை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று இரண்டு நாளில் நான் கற்றது, அந்த 600 டாலர் பயணத்தில் கற்றதைவிடப் பல மடங்கு.

பையன் புதன்கிழமை மாலை தன் தோட்டாப் பெட்டியோடு வந்தான். அவனும் 147 கிரெயின்தான். என் க்ரோனோவை வைத்து மூன்று சுட்டோம்: 862, 858, 836. பெருக்கினான். 125.2.

"பாஸ்தானேண்ணா?"

அன்று நிழலிலேயே 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில். மேட்ச் நவம்பர் கடைசியில், குளிரில் வேகம் குறையலாம் என்றேன். ஒரு தோட்டாவுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே 26 அடி ஏன் வருகிறது, மருந்து அளக்கும் இடத்தில் என்ன பிசகு என்று இருவரும் இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம். பணம் இன்னும் கட்டவில்லை. சனிக்கிழமை பிரெஸ்ஸைக் கழற்றி எடுத்து வருகிறான்.