ஆற்றோரப் பாதைக்குத் திட்டம் தருவது எப்படி?

ஆற்றோரப் பாதை என்றதும் பலர் சைக்கிளை மனத்தில் வைத்தே கோடு போடத் தொடங்குகிறார்கள். சிங்கப்பூரின் காலாங் ஆற்றோரம் குடியிருந்து, வசிப்போர் குழுவில் தொண்டூழியம் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கைத்தடி ஊன்றி வரும் பாட்டியிடமிருந்து தொடங்குங்கள்.

முதலில் ஆற்றோரம் போய் உட்கார்ந்து பாருங்கள். விடியற்காலை, பள்ளி விடும் நேரம், இரவு ஏழு மணி, ஞாயிற்றுக்கிழமை எனப் பொழுதுக்கொரு கூட்டம் வரும். தைச்சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சி பழகும் முதியவர்கள், பணிப்பெண் தள்ளிவரும் சக்கர நாற்காலி, அவசரத்தில் விரையும் உணவு விநியோக ஊழியர். யார் எங்கே நிற்கிறார்கள், எங்கே குறுக்கே கடக்கிறார்கள் என்பதைப் பக்கத்துப் புளோக்கின் (அடுக்குமாடிக் கட்டடத்தின்) எண்ணோடு குறியுங்கள். மின்தூக்கியைவிட்டு இறங்கி நேரே ஆற்றுக்கு வரும் வழி பாதையைச் சந்திக்கும் இடத்தில்தான் மோதல் பயம் அதிகம்.

அடுத்து, எது யாருடைய பொறுப்பு என்று பாருங்கள். கால்வாய், தண்ணீரையும் வடிகாலையும் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்துடையது. பூங்காக்களை இணைக்கும் பூங்கா இணைப்புப் பாதை தேசியப் பூங்காக் கழகத்துடையது. புளோக்கைச் சுற்றிய இடம் நகர மன்றத்துடையது. சாலை நிலப் போக்குவரத்து ஆணையத்துடையது. தனித்தனியே மனு போடாமல் எல்லாருக்கும் ஒரே வரைபடத்தை அனுப்புங்கள்.

வேகத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். சைக்கிளுக்கு நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், பூங்கா இணைப்புப் பாதையில் 25 கிலோமீட்டர் என்பது வரம்பு. 25இல் வரும் சைக்கிள் ஒரு வினாடியில் ஏறக்குறைய 7 மீட்டர் கடந்துவிடும். அதனால் வளைவில் பார்வையை மறைக்கும் புதர் வேண்டாம். இடம் இருந்தால் நடப்பவருக்குத் தனித்தடம் கேளுங்கள். பாலத்தடியில் இடம் குறுகினால் சைக்கிளைத் தள்ளிச் செல்லும்படி பலகை வையுங்கள். சாய்தளம் 1 மீட்டர் உயர 12 மீட்டர் நீளமாவது வேண்டும், இடையிடையே இளைப்பாறச் சமதளமும் வேண்டும்.

மழைதான் எனக்குப் பெரிய கவலை. 2012இல் புதுப்பொலிவுடன் திறக்கப்பட்ட பீஷான்–அங் மோ கியோ பூங்காவைப் போய்ப் பாருங்கள். அங்கே 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றினார்கள். அடைமழையில் ஆறு அகன்று கரைப் புல்வெளியில் ஏறும். அதற்கென்றே விட்ட இடம் அது. நீர்மட்டம் ஏறினால் எச்சரிக்கை விளக்கும் ஒலியும் எழும். ஆகவே முதன்மைப் பாதை மேட்டில் இருக்கட்டும். நீரருகே தாழ்வான தடம் வேண்டுமென்றால், அதில் எங்கே நின்றாலும் மேலே ஏறும் வழி கண்ணில் பட வேண்டும்.

விளக்குகள் பாதையை நோக்கட்டும், ஆற்றை அல்ல. நீர்நாய்களும் கொக்குகளும் அங்கே வாழ்கின்றன.

வரைபடம் அனுப்புமுன், அனுமதி பெற்று ஒரு வார இறுதியில் கூம்புகளை வைத்துப் பாதையைக் குறித்துப் பாருங்கள். சைக்கிளோட்டிகளைச் சக்கர நாற்காலி தள்ளச் சொல்லுங்கள். அவர்கள் தடுமாறும் ஒவ்வோர் இடத்தையும் அங்கேயே படம் பிடித்து வரைபடத்தோடு இணையுங்கள்.