நரம்புக்கு ஊசி வைக்கப் போகிறீர்களா? சின்சேயிடம் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

நரம்பு என்ற சொல்லிலேயே நம்முடைய சிக்கல் தொடங்கிவிடுகிறது. கையில் சலைன் ஏற்றும்போது "நரம்பு கிடைக்கல" என்போம், அது ரத்தக்குழாய். காலில் நீலமாகப் புடைத்து நிற்பதை நரம்புச் சுருட்டல் என்போம், அதுவும் ரத்தக்குழாய்தான். கழுத்து பிடித்துக்கொண்டால் "நரம்பு இழுத்துக்கிச்சு", அது பெரும்பாலும் தசை. கை நடுங்கினாலும் தூக்கம் வராவிட்டாலும் பிள்ளை பரீட்சைக்குப் பயந்தாலும் எல்லாமே நரம்புத் தளர்ச்சி. இத்தனையையும் ஒரே மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு போய், இங்கே சிங்கப்பூரில் தோ பாயோவிலோ பிடோக்கிலோ ஏதோ ஒரு புளோக்குக்குக் கீழே கடை வைத்திருக்கும் சின்சேயிடம், அதாவது சீன மருத்துவரிடம், "நெர்வ் வீக்" என்று இரண்டே சொல்லில் இறக்கி வைக்கிறோம். அவருக்கு மாண்டரின், நமக்குத் தமிழ், நடுவில் இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஆங்கிலம். அப்புறம் சிகிச்சை எப்படி இருக்கும்?

நான் சீன மருத்துவத்துக்கு எதிரி இல்லை, இன்றைக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் முதல் தடவை போனபோது செய்ததை நினைத்தால் என்னை நானே அறையலாம் போல இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடப்பக்கமாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் தொங்கிப்போயிருக்கிறது. பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி பார்த்துவிட்டு, உடனே சின்சே, அக்குபஞ்சர் ஊசி வைத்தால் சரியாகிவிடும் என்றார், போய்விட்டேன். அந்த சின்சே கேட்டார், டாக்டரைப் பார்த்தாயிற்றா என்று. நான் தலையாட்டினேன். பொய்! திங்கட்கிழமையும் ஊசி, கூடவே மருந்துப் பொடி. புதன்கிழமை கண் சிவந்து எரிய ஆரம்பித்த பிறகுதான் பலதுறை மருந்தகத்துக்குப் போனேன். பெல்ஸ் பால்சி என்றார்கள், முகத்துக்குப் போகும் ஏழாவது நரம்பு வீங்கி நசுங்குவது. அதற்கு ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன், நான் அதைத் தாண்டிவிட்டிருந்தேன். கண் மூடாததால் விழி காய்ந்து புண்ணாகிவிடாமல் இருக்க சொட்டு மருந்து போட வேண்டும், இரவில் இமையை ஒட்டி வைத்துத் தூங்க வேண்டும் என்பதும் அன்றைக்குத்தான் தெரியும். ஊசி எந்தக் கெடுதலும் செய்யவில்லை. அதற்குப் போன அவசரத்தில் நான் விட்ட நான்கு நாள்தான் கெடுதல்.

அதிலும் நான் அதிர்ஷ்டசாலி, ஏனென்றால் முகம் கோணுவது பக்கவாதமாகவும் இருக்கலாம். பெல்ஸ் பால்சியில் பொதுவாக அந்தப் பக்க நெற்றியையும் சுருக்க முடியாது, பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி அசையும். இதைச் சொல்வது நீங்களே வீட்டில் சோதித்து முடிவு செய்துகொள்வதற்காக இல்லை. முகம் திடீரென்று கோணினால், பேச்சு குழறினால், ஒரு கை மட்டும் தூக்க முடியாமல் விழுந்தால், ஆம்புலன்சுக்கு 995. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும், அதற்குள் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் பக்கவாதம் போய்விடும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி பல வருடமாகச் சுற்றுகிறதே, அதை நம்பிக் குத்திக்கொண்டு உட்கார்ந்தால் அந்த நாலரை மணி நேரம்தான் போகும். இதே போல, பாதத்தில் ஆரம்பித்த பலவீனம் ஓரிரு நாளில் முழங்கால், தொடை என்று மேலே ஏறினாலோ, இடுப்பு வலியோடு சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, அதெல்லாம் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டிய நரம்புக் கோளாறு. அங்கே சின்சேக்கு இன்னும் வேலை வரவில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. நாம் பக்கவாதம் என்கிறோம், வாதம் என்றால் காற்று. சீனர்கள் அதையே சோங் ஃபெங் என்கிறார்கள், காற்று தாக்கியது என்று அர்த்தம். சூடு, குளிர்ச்சி, பத்தியம் எல்லாமே கேட்ட கதை போல இருக்கும், ஏர்கானுக்கு நேராகப் படுத்ததால்தான் முகம் இழுத்துக்கொண்டது என்று என் அம்மாவும் ஆன்ட்டியும் சொல்லி வைத்தது போல ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். இந்தப் பழக்கமான வாசனைதான் நம்மை ஏமாற்றுகிறது. பாட்டி வைத்தியம் மாதிரிதானே, என்ன செய்துவிடப் போகிறது என்று அசட்டையாக இருந்துவிடுகிறோம்.

உதாரணத்துக்கு அதிமதுரம். சீன மருந்துக் கலவைகளில் பாதிக்குப் பாதி கான்சாவ் என்ற பெயரில் இது இருக்கும். அளவு கூடி வாரக்கணக்கில் குடித்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும், பொட்டாசியம் குறைந்தால் தசை பலவீனமாகும். கால் பலவீனம் என்று மருந்து குடிக்கப் போய் மருந்தாலேயே கால் பலவீனமாவது இப்படித்தான். அடுத்தது வசநாபி. இதன் இனத்தைச் சேர்ந்த கிழங்குகளை ஃபூ சி, சுவான் வூ என்ற பெயர்களில் வலிக்கும் மரமரப்புக்கும் பயன்படுத்துகிறார்கள். முறையாகப் பதப்படுத்தி, நெடுநேரம் கொதிக்க வைத்தால்தான் விஷம் அடங்கும். அவசரத்துக்கு அரை மணி நேரம் மட்டும் கொதிக்க வைத்துக் குடித்து, உதடும் நாக்கும் மரத்து, கை கால் ஊறினால், "மருந்து நரம்புல வேலை செய்யுது" என்று சந்தோஷப்படாதீர்கள். அது நஞ்சு ஏறியதன் முதல் அறிகுறி, அடுத்து இதயத் துடிப்பைக் குழப்பும். உடனே ஆஸ்பத்திரி.

சரி, மிகப் பெரிய தவறுக்கு வருகிறேன். மறைப்பது. டாக்டர் வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் இல்லை என்போம், திட்டுவார் என்று பயம். சின்சே கேட்டால் பிரஷர் மாத்திரை மட்டும் என்போம், முழுப் பட்டியலைச் சொல்ல சோம்பல். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடும் ஒருவர் டான்ஷென், தாங் குய் என்ற வேர்கள் சேர்ந்த கஷாயத்தைக் குடித்தால் ரத்தம் தேவைக்கு மேல் நீர்த்துப்போகும், எங்கே கசிகிறது என்றே தெரியாமல் கசியும். பக்கவாதம் வந்து மீண்டவர்களில் பலர் ரத்தம் உறையாமல் இருக்க ஏதோ ஒரு மாத்திரையில் இருப்பார்கள், அவர்களுக்குச் சின்சே கொடுக்கும் மருந்திலும் ரத்த ஓட்டத்தைக் கூட்டும் வேர்கள்தான் முக்கியமாக இருக்கும், ஆக மோதல் எங்கே என்று பாருங்கள். இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். வயிற்றில் கலக்காமல் இருக்க அது உதவும். ரத்தத்தில் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே யார் இடைவெளி பார்க்கிறார்கள்?

இன்னொன்று, சின்சே மருந்து ஆரம்பித்துவிட்டோம் என்று டாக்டர் கொடுத்த பிரெகாபலின், காபாபென்டின் போன்ற நரம்பு வலி மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்துவது. இவற்றைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், திடீரென்று விட்டால் தூக்கம் கெடும், வியர்க்கும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். நான் இப்போது செய்வது எளிது. எல்லா மாத்திரை அட்டைகளையும் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன், சின்சே எழுதும் மூலிகைப் பட்டியலையும் கேட்டு வாங்கிப் படம் எடுத்துக்கொள்கிறேன். சீன எழுத்து எனக்குப் புரியாவிட்டால் என்ன, ஆஸ்பத்திரி மருந்தாளருக்குப் புரியும், அல்லது பக்கத்தில் இருப்பவருக்குப் புரியும். போதாக்குறைக்கு நம்மில் சிலர் தேக்காவில் வாங்கிய லேகியத்தையும் ஊரிலிருந்து வந்த பஸ்பத்தையும் இதோடு சேர்த்துக்கொள்கிறார்கள். சில பஸ்பங்களில் ஈயம் இருக்கும், ஈயமே நரம்பைக் கெடுக்கும் பொருள்.

நம் ஆட்களுக்கு நரம்பு என்றால் முக்கால்வாசி சர்க்கரைதான். பாதம் எரிகிறது, ஊசி குத்துகிறது, செருப்பு கழன்றது தெரியவில்லை. இதற்கு அக்குபஞ்சர் போகுமுன் ஒரு ரத்தப் பரிசோதனை கேளுங்கள், பி12. சைவம் மட்டும் சாப்பிட்டுக்கொண்டு பல வருடம் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையும் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைய இரண்டு காரணமும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறது, அதன் அறிகுறியும் இதே கால் மரமரப்புதான். பி12 ஊசியும் மாத்திரையும் போட்டால் தீரக்கூடிய குறையை வைத்துக்கொண்டு நாற்பது அமர்வு அக்குபஞ்சருக்குப் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். அதற்காகக் கடையில் நரம்புச் சத்து மாத்திரை வாங்கி வருடக்கணக்கில் விழுங்கவும் வேண்டாம், பி6 அளவுக்கு மீறினால் அதுவும் நரம்பைத்தான் கெடுக்கும்.

மரத்த காலுக்குச் சூடு வைக்கவே கூடாது. என் மாமனாருக்கு இருபது வருட சர்க்கரை. ஊசி வைத்த பிறகு பாதத்துக்கு நேராகச் சூட்டு விளக்கைத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், இவரும் சுகமாகத் தூங்கிவிட்டார். சுட்டதே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றும்போது தோலும் சேர்ந்து வந்தது. அந்தப் புண் ஆற மூன்று மாதம் ஆனது, தினமும் கட்டு மாற்றிய என் மாமியாருக்குத்தான் அந்த மூன்று மாதத்தின் கணக்கு தெரியும். மாமாவிடம், "சக்கரை இருக்குன்னு சொன்னீங்களா மாமா?" என்று கேட்டால், "கேக்கலையே மாப்பிள்ளை" என்கிறார். மோக்சா என்று மூலிகையைக் கொளுத்திச் சூடு காட்டுவதற்கும், தோலில் கோப்பையைக் கவிழ்த்து உறிஞ்ச வைக்கும் கப்பிங்குக்கும் இதே எச்சரிக்கைதான். சர்க்கரை இருக்கிறது, இந்த இடம் மரத்திருக்கிறது என்று கையால் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள், மொழியே வேண்டாம்.

ஊசி விஷயத்தில் சுருக்கமாக. வெறும் வயிற்றோடு போகாதீர்கள், மயக்கம் வரும். நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் ஊசியில் மின்சாரம் கொடுக்கும் முறை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசி இறங்கியதும் கனமாக, மந்தமாக ஒரு வலி வருவது இயல்பு, அதைத் தான் அவர்கள் டெ ச்சி என்று எதிர்பார்க்கிறார்கள். மின்னல் போல ஒரு ஷாக் கையிலோ காலிலோ ஓடினால் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளாதீர்கள், ஊசி நரம்பையே தொட்டிருக்கலாம், சொன்னால் எடுத்துவிடுவார்கள். தோள், மேல் முதுகில் ஊசி வைத்த அன்று மூச்சு வாங்கினால் நுரையீரலைப் பார்க்கச் சொல்லுங்கள், அபூர்வம்தான், ஆனால் நடப்பதுண்டு.

சைவக்காரர்கள் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு கொடுக்கும் புகழ்பெற்ற கலவை பூ யாங் ஹுவான் வூ தாங், சிங் அரச காலத்து மருத்துவர் வாங் சிங்ரென் வகுத்தது. அதில் மண்புழு உண்டு. முகவாதத்துக்குக் கொடுக்கும் சியென் செங் சானில் தேளும் பட்டுப்புழுவும் உண்டு. பொடியாகக் கையில் வரும்போது என்ன தெரியும்? எனக்குப் பிரச்சினை இல்லை, கோழி சாப்பிடுகிறவனுக்குத் தேள் என்ன பெரிய விஷயம். ஆனால் வெள்ளிக்கிழமை விரதம் இருந்துகொண்டு மண்புழுக் கஷாயம் குடித்த என் அத்தையிடம் இதை இதுவரை நான் சொல்லவில்லை.

யாரிடம் போவது என்பதில் சிங்கப்பூரில் நமக்கு வசதி அதிகம், பயன்படுத்தாமல் விடுவதுதான் தவறு. 2000ஆம் ஆண்டு சட்டத்தின்படி சீன மருத்துவர்களும் அக்குபஞ்சர் செய்பவர்களும் அதற்கான வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், பெயரைப் போட்டு இணையத்திலேயே பார்த்துவிடலாம். ஒரு சில ஆஸ்பத்திரிகளிலேயே அக்குபஞ்சர் பிரிவு இருக்கிறது. 1867இல் தொடங்கிய தோங் சாய் போன்ற அறநிலையங்கள் இனம் பார்க்காமல் எல்லோருக்கும் மருத்துவம் பார்க்கின்றன, அங்கே இந்தியர்கள் போகக் கூடாது என்று யாரோ சொன்னதை நம்பி என் நண்பன் ஒருவன் பல வருடம் போகாமலே இருந்தான். இவ்வளவும் இருக்க, ஜோகூரில் ஒருவர் தருகிறார், பெயரில்லாத மாத்திரை, இரண்டே நாளில் வலி போய்விடும் என்று வாங்குபவர்களை என்ன செய்வது? வலி போகும், ஏனென்றால் அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடவும் கூடாது, மாத்திரையோடு டாக்டரிடம் போங்கள், அவர் குறைத்துத்தான் நிறுத்துவார்.

பணம். சின்சே கட்டணத்துக்குப் பொதுவாக மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பைப் பயன்படுத்த முடியாது, கைக்காசுதான். அதனால்தான் பேக்கேஜ் பேச்சு வரும்போது கவனம் தேவை. அறுந்த அல்லது நசுங்கிய நரம்பு திரும்ப வளர்வது ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர், மாதத்துக்கு ஓர் அங்குலம். முழங்கையில் நசுங்கிய நரம்பு விரல் நுனிக்குப் போய்ச் சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஆகவே மூன்று தடவை போய்விட்டு ஒன்றும் ஆகவில்லை என்று விடுவதும் தவறு, முப்பது அமர்வுக்கு முன்பணம் கட்டுவதும் தவறு. ஆறு வாரத்தில் எதை அளப்பீர்கள், பொத்தான் போடுவதையா, எத்தனை படி ஏறுவதையா, எத்தனை மணி நேரம் தூங்குவதையா என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் காசைக் கொடுக்காதீர்கள். பெல்ஸ் பால்சி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எந்த மருந்தும் இல்லாமலே சில வாரத்தில், சில மாதத்தில் சரியாகிவிடும், அந்த நேரத்தில் யாரிடம் போய்க்கொண்டிருந்தோமோ அவருக்குத்தான் பெயர் போகும். முகவாதத்துக்கும் நரம்பு வலிக்கும் அக்குபஞ்சர் எவ்வளவு பயன் என்று காக்ரேன் என்ற சர்வதேச ஆய்வுக் குழுவினர் ஆய்வுகளை அலசிவிட்டு, முடிவு சொல்லத் தரமான ஆதாரம் போதாது என்றுதான் எழுதினார்கள். பக்கவாதத்துக்குப் பலர் வாங்கும் நியூரோஎய்டு என்ற சீன மருந்தை சிங்கப்பூரும் சேர்ந்து சுமார் 1100 நோயாளிகளிடம் சோதித்தார்கள், 2013இல் வந்த முடிவில் மூன்று மாதத்துக்குப் பிறகு மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் நிரூபிக்கத்தக்க வித்தியாசம் இல்லை. கடன் வாங்கி வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும்.

அப்புறம் நான் ஏன் இன்னும் போகிறேன் என்று மனைவி கேட்கிறாள். இன்றைக்கும் தோசையைக் கடித்து மெல்லும்போது என் இடது கண் தானாகப் பாதி மூடிக்கொள்கிறது, வளர்ந்த நரம்பு வழி மாறிப் போய்க் கண்ணில் ஒட்டிக்கொண்டதால் வருவது, இது முழுசாகப் போகாது என்று நரம்பியல் டாக்டர் சொல்லிவிட்டார். சின்சேயும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். ஊசி வைத்து அரை மணி நேரம் படுத்திருந்தால் கன்னத்தில் இருக்கும் இறுக்கம் இரண்டு வாரத்துக்குத் தளர்கிறது, அவ்வளவுதான், அதற்குத்தான் போகிறேன், ஒவ்வொரு தடவைக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு.