கழற்றும் முன் படியுங்கள்: தெரியாத எலக்ட்ரானிக் பாகத்தை அடையாளம் காண்பது எப்படி?

வடசென்னையில் காயலான் கடைகளுக்குக் குறைவில்லை. பழைய டிவி, யுபிஎஸ், சார்ஜர் போர்டுகளைக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். எலக்ட்ரானிக்ஸ் பழக அதுவே போதும். ஆனால் போர்டு கைக்கு வந்ததும் சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, எல்லாவற்றையும் கழற்றி டப்பாவில் கொட்டிவிடாதீர்கள். ஒரு பாகம் எது என்பதற்கான துப்பில் பாதி, அது உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் பாதுகாப்பு. 230 வோல்ட்டில் ஓடும் போர்டுகளில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய உருளை கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து அளந்து பாருங்கள். மின்சாரம் இருந்தால், சில கிலோ ஓம் மதிப்புள்ள 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த வயரில் இணைத்து இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்ய வேண்டாம். இறக்கியதும் மறுபடி அளந்து பார்த்துவிட்டே கை வையுங்கள்.

அடுத்து, போனில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். பாகத்தின் அருகே அச்சிட்டிருக்கும் எழுத்தைப் பாருங்கள். ஆர் என்றால் ரெசிஸ்டர், சி கெப்பாசிட்டர், டி டயோடு, க்யூ டிரான்சிஸ்டர், எல் காயில், எஃப் ஃப்யூஸ், யு அல்லது ஐசி என்றால் ஐசி, அதாவது ஒரு முழு சர்க்யூட்டையே உள்ளே அடக்கிய சில்லு. எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி எழுதுவதில்லை, ஆனாலும் பெரும்பாலும் கைகொடுக்கும்.

அப்புறம் பாகத்தின் மேலிருக்கும் எண். காசிமேடு, ராயபுரம் மாதிரி கடலோர வீடுகளிலிருந்து வரும் போர்டுகளில் உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் லேசாகத் துடையுங்கள். அழுத்தித் தேய்த்தால் எழுத்தும் போய்விடும். ஐசி மேல் எழுத்து மங்கலாக இருந்தால் சாக்பீஸ் பொடியைத் தடவி, டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள், தெரியும்.

இப்போது முக்கியமான இடம். சார்ஜர் போர்டு ஒன்றில் நீல நிறத்தில் வட்ட வில்லைகள் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் 222, மற்றொன்றில் 10டி471. பார்க்க இரண்டும் ஒரே ஜாதிதான். 222 என்பது கெப்பாசிட்டர்: 22-க்குப் பின் இரண்டு சைபர், 2200 பிக்கோ ஃபாரட். அதே கணக்கில் 471-ஐ 470 பிக்கோ ஃபாரட் என்று படித்தால் போச்சு. அது வேரிஸ்டர், மின்னழுத்தம் எகிறும்போது போர்டைக் காப்பது. 10 அதன் விட்டம், மில்லிமீட்டரில். 471 என்பது 470 வோல்ட். மீட்டரை ஓம்ஸில் வைத்தால் நல்ல நிலையில் இரண்டுமே ஓப்பன், அதாவது இணைப்பே இல்லை என்று காட்டும், மீட்டர் பிரித்துச் சொல்லாது. இடம் சொல்லும்: ஃப்யூஸை ஒட்டி, மின்சாரம் உள்ளே வரும் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருப்பது வேரிஸ்டர். டிரான்ஸ்ஃபார்மரின் இரு பக்கத்தையும் இணைத்து நிற்பது கெப்பாசிட்டர். கழற்றி டப்பாவில் போட்டிருந்தால் இந்த வித்தியாசம் போயிருக்கும்.

மூன்று கால் பாகங்களும் இப்படித்தான். வோல்ட்டேஜை நிலையாக வைக்கும் 7805 ரெகுலேட்டரும், ஒரு வகை டிரான்சிஸ்டரான ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட்டும் ஒரே உருவம். உருவத்தை வைத்துப் பெயர் சொல்லவே கூடாது, எண்ணைத்தான் தேட வேண்டும். சி1815 என்று மட்டும் இருந்தால் 2எஸ்சி1815 என்று தேடுங்கள். ஜப்பானிய டிரான்சிஸ்டர்களில் முன்னால் வரும் 2எஸ்-ஐ அச்சிடாமல் விடுவது வழக்கம். ஐசியில் 2314 என்பது போல் தனியாக நாலு இலக்கம் இருந்தால் அநேகமாக 2023-ஆம் ஆண்டின் 14-வது வாரம். அது தயாரிப்புத் தேதி, பாகத்தின் எண் அல்ல.

எண் கிடைத்ததும், கம்பெனி வெளியிடும் விவரத்தாளான டேட்டாஷீட்டை நெட்டிலிருந்து இறக்கிக் கால்களின் வரிசையைப் பாருங்கள். தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் பிசி547 டிரான்சிஸ்டரில் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2எஸ்சி1815-இல் எமிட்டர், கலெக்டர், பேஸ். இரண்டுமே என்பிஎன் என்ற ஒரே டிரான்சிஸ்டர் வகைதான். ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அப்படியே சொருகினால் வேலை செய்யாது. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் மாற்றுப் பாகம் கேட்கும்போதும் முழு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், பழையதைக் கையோடு கொண்டுபோங்கள்.