பழைய ஏரியாவுல ரூம் போடறதுக்கு முன்னாடி இதைப் பாத்துக்கோங்க

வெளியூர் போனா அந்த ஊரோட பழைய ஏரியாவுலயே தங்குங்க, விடிகாலைல கூட்டம் வர்றதுக்கு முன்னாடி அந்தத் தெருவுல நடக்கற சுகம் தள்ளித் தங்கினா கிடைக்கவே கிடைக்காது. ஆனா போட்டோவைப் பாத்துட்டு உடனே புக் பண்ணிடாதீங்க.

போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனையே எடுத்துக்கோங்க. 1755 பூகம்பத்துல பெருசா அழியாம தப்பிச்ச ஏரியா அல்ஃபாமா, அதான் சந்தெல்லாம் இன்னும் வளைஞ்சு வளைஞ்சு மேட்டுல ஏறுது, நிறைய இடத்துல வெறும் படிக்கட்டுதான், கார் வாசல் வரைக்கும் வராது, பெட்டியை நீங்கதான் தூக்கணும். அதே ஊர்ல பாய்ஷாங்கற ஏரியா பூகம்பத்துக்கு அப்புறம் நேர் நேர் தெருவா திரும்பக் கட்டினது, சமதரை, வயசானவங்க கூட வந்தா நான் அங்கதான் சொல்லுவேன். பைரு ஆல்ட்டு ராத்திரி பார் ஏரியா, தூக்கம் முக்கியம்னா வேணாம்.

எந்த ஊரா இருந்தாலும் கூகுள் மேப்ஸ் ஸ்ட்ரீட் வியூல அந்தத் தெருவை ஒரு ரவுண்ட் பாருங்க. பால்கனில துணி காயுதா, பக்கத்துல ஸ்கூல், மருந்துக்கடை இருக்கா, இருந்தா அங்க ஜனங்க நிஜமாவே வாழறாங்கன்னு அர்த்தம். கதவுக்குக் கதவு நம்பர் பூட்டு போட்ட சாவிப் பெட்டி தொங்குச்சுன்னா முக்கால்வாசி டூரிஸ்ட் வாடகை வீடுதான், அந்த ஏரியாவோட உயிரே போயிருக்கும்.

அப்புறம் ரிவ்யூல சத்தம், படி, லிஃப்ட்னு தேடிப் படிங்க, முக்கியமா சனிக்கிழமை ராத்திரி தங்கினவங்க எழுதினதை. ரூம் கேக்கும்போது தெருப் பக்கம் வேணாம், உள்பக்கம் குடுங்கன்னு முன்னாடியே மெசேஜ் போட்டுடுங்க.