தொழுகையில் போன் அடித்தால்: முறிவது எது, முறியாதது எது

லுஹர் (நண்பகல்) ஜமாஅத், அதாவது கூட்டுத் தொழுகை. இரண்டாவது ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று). என் சட்டைப் பையில் போன் அடித்தது. இரண்டு கையாலும் எடுத்து, யாரென்று பார்த்து, கட் பண்ணிப் பைக்குள் போட்டேன். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் பக்கத்தில் இருந்த ஹஜ்ரத் (மார்க்க அறிஞர்), "உங்க தொழுகை முறிஞ்சிடுச்சு பாய், திரும்பத் தொழுதுடுங்க" என்றார். அன்று அவரிடம் உட்கார்ந்து கேட்டதை, புதிதாகத் தொழ வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மத்ஹபை, அதாவது நீங்கள் பின்பற்றும் சட்டப் பள்ளியை, தெரிந்துகொள்ளுங்கள். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பெரும்பாலும் ஹனஃபி. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் ஷாஃபி. நான் படித்திருந்தது ஷாஃபி சட்டம். அதில் தொடர்ந்து மூன்று அசைவு வந்தால் முறியும் என்று கணக்கு உண்டு. நானும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடுத்து, பேச்சு. ஹனஃபியில் மறந்து ஒரு வார்த்தை பேசினாலும் முறியும். ஸலாமுக்குப் பதில் சொல்வதும், தும்மியவருக்கு "யர்ஹமுகல்லாஹ்" சொல்வதும் பேச்சுதான். ஷாஃபியில் மறந்து பேசிய சிறு பேச்சுக்கு மன்னிப்பு உண்டு. புன்னகையால் முறியாது. பக்கத்தில் இருப்பவர் காதில் விழும்படி சிரித்தால், ஹனஃபியில் தொழுகையோடு ஒளுவும் (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவிச் செய்யும் தூய்மை) போய்விடும். நெஞ்சு கிப்லாவை (தொழும் திசையை) விட்டுத் திரும்பக் கூடாது, எதையும் தின்னக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

நான் தடுக்கி விழுந்த இடம் 'அமலே கஸீர்', அதாவது அதிகச் செயல். மூன்று என்ற கணக்கைச் சில ஹனஃபி அறிஞர்களும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஹஜ்ரத் சொன்ன அளவுகோல் இது: தூரத்திலிருந்து பார்ப்பவர் "இவர் தொழுகையில் இல்லை" என்று உறுதியாக நினைத்தால் அது அதிகச் செயல். இரண்டு கையாலும் போனைப் பிடித்துத் திரையைப் பார்ப்பவரை யார் தொழுகையாளி என்பார்? அதுவே ஒரு கையால், பைக்கு மேலிருந்தே பொத்தானை அமுக்கி நிறுத்தினால் முறியாது. ஒருமுறை சொறிவதும் அப்படித்தான். காரணமில்லாமல் சட்டையை இழுத்துக்கொண்டிருப்பது மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது). மக்ரூஹும் முறிவும் ஒன்றல்ல.

வைப்ரேஷனை நான் நம்புவதில்லை. ஒளு செய்யப் போகும்போதே போனை முழுதாக அணைத்துவிடுகிறேன்.

முறிந்துவிட்டால் மறதி ஸஜ்தா (தொழுகையில் மறந்ததைச் சரிசெய்யச் செய்யும் சிரவணக்கம்) உதவாது. ஒளு இருந்தால் உடனே புதிதாகத் தக்பீர் (அல்லாஹு அக்பர்) கட்டி ஜமாஅத்தில் சேருங்கள். ஒளு போயிருந்தால் செய்துவிட்டு வாருங்கள்.

பிற்சேர்க்கை: ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஒரு தம்பி, தோல் வெட்டும்போது விரலில் பட்ட காயம் தொழுகையில் கசிந்தால் என்ன என்று கேட்டிருந்தார். ஹனஃபியில், ரத்தம் காயத்தின் வாயைத் தாண்டி வழிந்தால் ஒளு முறியும், அப்படியே தொழுகையைத் தொடர முடியாது. காயத்தின் வாயிலேயே நின்றால் முறியாது. ஷாஃபியில் ரத்தம் வழிவதால் ஒளு முறிவதில்லை. தம்பி, நல்ல பிளாஸ்திரியாக ஒட்டி, ரத்தம் நின்ற பிறகு ஒளு செய்யுங்கள்.