பாப்பா தூங்க வைட் நாய்ஸ்: எவ்வளவு சத்தம், எவ்வளவு தூரம்?

விடிகாலையில் குயில் கூவினால் கவிஞர்களுக்குப் பிடிக்கும். நாலரை மணிக்குத்தான் பிள்ளையைத் தூங்க வைத்த எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் புளோக்குக்குப் பின்னால் உள்ள மரத்தில் அது ஐந்தரைக்கே ஆரம்பித்துவிடும். அப்புறம் புல் வெட்டும் மெஷின், ஒன்பது மணிக்கு மேல்மாடியில் ரெனவேஷன். இதற்காகத்தான் வைட் நாய்ஸ் பக்கம் போனேன்.

வைட் நாய்ஸ் என்றால் தாழ்ந்த ஒலியிலிருந்து உச்ச ஒலிவரை எல்லா அதிர்வெண்களும் ஒரே வலுவில் கலந்த இரைச்சல். முதல் நாள் கேட்டுவிட்டு என் மாமியார், "என்னம்மா இது, டிவி கெட்டுப்போன மாதிரி இருக்கு?" என்றார். சரியாகச் சொன்னார், அதேதான். கொஞ்ச நேரத்தில் அவரே பேரனைத் தோளில் போட்டு முதுகைத் தட்டி "ஷ்ஷ்ஷ்" என்றார். அதுவும் கிட்டத்தட்ட இதேதான்!

1990ல் வெளிவந்த ஒரு சிறிய பிரிட்டிஷ் ஆய்வில், இந்தச் சத்தம் கேட்ட 20 பச்சிளங்குழந்தைகளில் 16 பேர் ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டார்கள். கேட்காத 20 பேரில் 5 பேர்தான் தூங்கினார்கள். ஆனால் பசி, ஈர டயப்பர், வயிற்றில் காற்று, புழுக்கம் இதற்கெல்லாம் இது மருந்தில்லை. முதலில் அவற்றைப் பாருங்கள்.

1. எதில் போடுவது?

தனி மெஷின் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றில்லை. பழைய கைப்பேசி போதும், சில வீடுகளில் ஸ்டாண்டு ஃபேன் சத்தமே போதும். ஒலியைக் கைப்பேசியில் பதிவிறக்கம் செய்துவிட்டு ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். நான் முதல் வாரம் வீடியோவில் ஓடவிட்டேன். இரவு இரண்டு மணிக்கு இடையில் விளம்பரம் வந்து கத்தியது. அதற்கப்புறம் விடியும்வரை யாருக்கும் தூக்கமில்லை.

வைட் நாய்ஸ் சிலருக்குக் காதில் குத்துவது போல இருக்கும். அப்படியானால் பிங்க் நாய்ஸ் அல்லது பிரவுன் நாய்ஸ் போட்டுப் பாருங்கள். உயர்ந்த ஒலிகள் அவற்றில் குறைவு, மழைச் சத்தம் போல மெத்தென்று இருக்கும்.

2. எங்கே வைப்பது?

பலர் தவறு செய்வது இங்கேதான். தொட்டில் கம்பியிலேயே மாட்டுகிற மாதிரி மெஷின்கள் கடையில் கிடைக்கும், பார்க்கவும் அழகாக இருக்கும். வேண்டாம். 2014ல் கனடாவில் 14 மெஷின்களைச் சோதித்தார்கள். முழு வால்யூமில், 30 செ.மீ. தூரத்தில், மூன்று மெஷின்கள் 85 டெசிபலைத் தாண்டின. பெரியவர்களே அந்த அளவுச் சத்தத்தில் நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பது இங்கே சிங்கப்பூரில் வேலையிட விதி. பிஞ்சுக் காதை நினைத்துப் பாருங்கள்.

குறைந்தது 200 செ.மீ. தள்ளி வையுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் சின்ன அறையில் இதற்கு ஒரே வழி, தொட்டில் ஒரு சுவரோரம், மெஷின் எதிர்ச்சுவரோரம். ஜன்னல் பக்கமாக, அதாவது வெளிச்சத்தம் நுழைகிற பக்கமாக வைத்தால் இன்னும் நல்லது. வயர் எதுவும் பிள்ளையின் கைக்கு எட்டக்கூடாது. தூளி கட்டியிருந்தால் அது ஆடும் தூரத்தையும் கணக்கில் சேருங்கள்.

3. எவ்வளவு சத்தம்?

மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் அறைக்குச் சொல்லப்படும் அளவு 50 டெசிபல். கைப்பேசியில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, பிள்ளையின் தலை இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். ஆப் துல்லியமாக இருக்காது, ஆனாலும் குத்துமதிப்பு தெரியும். ஆப் இல்லையா? தொட்டில் பக்கத்தில் நின்று சாதாரணக் குரலில் பேசுங்கள். வாசலில் நிற்பவருக்குக் கேட்க நீங்கள் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் சத்தம் அதிகம்.

அழுகையை அமுக்க வால்யூமை ஏற்றாதீர்கள். பிள்ளை வீறிட்டால் தூக்கிச் சமாதானப்படுத்துங்கள், மெஷின் அதே அளவில் ஓடட்டும்.

மேல்மாடியில் சுவர் உடைக்கும் சத்தத்தை எந்த மெஷினாலும் மறைக்க முடியாது, மறைக்க முயலவும் கூடாது. அந்த மாதிரி வேலைகளை வீவக வீடுகளில் வாரநாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் செய்யலாம். அந்த நேரம் நான் ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு நூலகத்துக்குப் போய்விடுவேன். ஏர்கானும் இலவசம்.

4. எப்போது போட்டு எப்போது அணைப்பது?

குளியல், பால், விளக்கைக் குறைப்பது, அப்புறம் இந்தச் சத்தம். தினமும் அதே வரிசையில் செய்தால் சில நாளில் சத்தம் கேட்டதுமே பிள்ளை கண்ணைக் கசக்கும். மல்லாக்கத்தான் படுக்க வையுங்கள், கெட்டியான மெத்தை, பக்கத்தில் தலையணையோ பொம்மையோ வேண்டாம்.

நன்றாகத் தூங்கியதும் அணைத்துவிடுங்கள். எனக்குக் குயில் தொல்லை இருந்ததால் விடிகாலையில் மட்டும் திரும்பவும் மெல்லியதாகப் போட்டேன். பிள்ளை விழித்திருக்கும்போது போடவே வேண்டாம். அது உங்கள் பேச்சைக் கேட்க வேண்டிய நேரம். பாட்டியின் தாலாட்டும் சமையலறைப் பாத்திரச் சத்தமும் அதில் சேர்த்தி.

5. பழக்கத்தை விடுவது

இரண்டு மூன்று இரவுக்கு ஒருமுறை வால்யூமை ஒரு புள்ளி இறக்குங்கள். ஏதாவது ஒரு நாள் விழித்தால் அதே அளவில் இன்னும் இரண்டு நாள் இருங்கள். மகப்பேற்று விடுப்பு முடிந்து குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் விடப்போகிறீர்கள் என்றால், அங்கே இந்தச் சத்தம் போடுவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லை என்றால் ஒரு மாதத்துக்கு முன்பே, முதலில் பகல் தூக்கத்தில் நிறுத்துங்கள், இரவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.